பழைய டிசையரா, எட்டியோஸா, அமேஸா? வாங்கிய பிறகு ஆகும் செலவை வைத்து ஓர் அலசல்

ஐந்து லட்சம் ரூபாய்க்குள் பழைய செடான் (பின்னால் டிக்கி தனியாக நீண்ட கார்) ஒன்று வாங்க வேண்டும், மாருதி டிசையர், டொயோட்டா எட்டியோஸ், ஹோண்டா அமேஸ் மூன்றில் எதை நம்பி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு விஷயம் கேட்பேன். வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வழியில் நின்றுவிட்டால் எந்த ஊரில் யார் வந்து பார்ப்பார்? இதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்த வண்டி என்று பேசவே முடியும். பேரம் பேசி இருபதாயிரம் குறைத்து வாங்கிவிட்டு, அடுத்த வருடமே கிளட்ச், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்று அதைப்போல நாலு மடங்கு கொட்டிக் கொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கார் லோன் தவணையும் அதே மாதத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் டீசலா பெட்ரோலா என்பதை முடித்துக்கொள்வோம். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு டீசல் மீது இன்னும் மயக்கம் தீரவில்லை. லிட்டர் 101 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு 15 கிலோமீட்டர் கிடைத்தால், கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய் ஆகிறது. டீசலை 92.50 என்று வைத்து, மைலேஜ் 20 என்றால் 4 ரூபாய் 63 காசு. வித்தியாசம் இரண்டு ரூபாய் சொச்சம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு வருடத்தில் மிச்சமாவது சுமார் 20,000 ரூபாய். நான்கு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டி வந்தாலோ, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஆயில் குடிக்க ஆரம்பித்தாலோ, இரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள் மட்டும் பழைய டீசலைப் பாருங்கள். மற்றவர்களுக்குப் பெட்ரோல்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி நிறைய ஓட்டுகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டிசையர் டீசல். அதில் இருப்பது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், புன்டோ, லினியா, இண்டிகா விஸ்டா என்று பல கம்பெனி வண்டிகளில் இதே இன்ஜின் ஓடியது. அதனால் இதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரில்கூட இருப்பார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலை அடியோடு நிறுத்திக்கொண்டாலும், இத்தனை வண்டிகள் சாலையில் இருப்பதால் ஸ்பேருக்குப் பஞ்சம் வரவில்லை.

ஆனால் இந்த இன்ஜின் ஆயில் விஷயத்தில் அலட்சியத்தைப் பொறுக்காது. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலும், அளவு குறைந்த நிலையில் ஓட்டினாலும் டைமிங் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் சங்கிலி) தளர்ந்துவிடும். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நீங்கள் வருவதற்குள் விற்பவர் ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால், அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் போங்கள். முதல் சில நொடிகள் சங்கிலி உரசுகிற மாதிரி கடகடவென்று சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டாம். இன்னொன்று கிளட்ச். இந்த டர்போ இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்குக் கீழே பெரிதாக இழுக்காது. நகர நெரிசலில் பாதி கிளட்சிலேயே நகர்த்தி நகர்த்தி ஓட்டுவார்கள், கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியில் கிலோமீட்டர் அதிகமாகக் காட்டினாலும், நகருக்குள்ளேயே ஓடிய குறைந்த கிலோமீட்டர் வண்டியைவிட அதைத்தான் நான் எடுப்பேன்.

டிசையர் பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பெருமை. 1,197 சிசி கே சீரிஸ் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றினால் பெரிய தொந்தரவு தராது. சஸ்பென்ஷன் கொஞ்சம் மென்மையான கட்டுமானம். லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், புஷ் என்று அவ்வப்போது சத்தம் கிளம்பும், சின்னச் செலவில் முடியும். கிளட்சையும் கியரையும் கருவியே மாற்றும் ஏ.எம்.டி. ஆட்டோமேட்டிக் எடுப்பதானால் மட்டும் ஜாக்கிரதை. கியர் மாற்றும் கருவியில் கோளாறு வந்தால் தெருமுனை மெக்கானிக்கால் ஆகாது, கம்பெனி ஸ்கேனர் வேண்டும்.

இனி எட்டியோஸ். 2010 டிசம்பரில் வந்தது, 2020 ஏப்ரலில் நின்றது. புதிதாக விற்றபோது பலரும் முகம் சுளித்தார்கள். மீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும், பிளாஸ்டிக் மலிவாகத் தெரியும், கதவு மூடும் சத்தமும் திருப்தி தராது. ஆனால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இதன் 1.4 லிட்டர் டீசல் இன்ஜின்தான் கொரோலா ஆல்டிஸ் டீசலிலும் இருந்தது. அங்கே 88 குதிரைத்திறன், எட்டியோஸில் வெறும் 68. குறைந்த சக்திக்கு அடக்கி வைத்த இன்ஜின் என்பதால் பாகங்கள் மீது சுமை குறைவு. ஓவர்டேக் செய்யும்போது பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜின் 1,496 சிசி, 90 குதிரைத்திறன். டர்போ இல்லை, சிக்கலான எதுவும் இல்லை. நான்கு பேர், பெட்டி படுக்கையோடு ஏசி போட்டு மலை ஏறினாலும் திணறாது. பின் சீட்டில் கால் வைக்கும் இடம் சமதளம், டிக்கி 590 லிட்டருக்கு மேல். வயதான பெற்றோரை மாதம் ஒருமுறை ஊருக்கு அழைத்துப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

எட்டியோஸில் வலிக்கும் இடம் பாடி ஸ்பேர். ஹெட்லைட், பம்பர், கதவுக் கைப்பிடி போன்றவை டிசையருக்குக் கிடைப்பதுபோல ஒவ்வொரு கடையிலும் தொங்காது. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் மைலேஜும் டிசையரைவிடக் குறைவு. கம்பெனி சொன்ன கணக்கே லிட்டருக்கு 17 கிலோமீட்டரைச் சுற்றித்தான், டிசையருக்கோ 2017 மாடலில் 22. ஆனால் மாதம் 500, 600 கிலோமீட்டர் ஓட்டி, ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவர் என்னிடம் கேட்டால், இந்த மூன்றில் எட்டியோஸ் பெட்ரோலைத்தான் கைகாட்டுவேன். எரிபொருளில் கூடுதலாகப் போவதை ரிப்பேரில் மிச்சம் பிடித்துவிடலாம்.

பெட்ரோல் என்றதும் எத்தனால் கவலை வருகிறது, நியாயமான கவலைதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நாம் பேசும் வண்டிகள் அதற்கு முந்தைய தலைமுறை. மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரேசிலில் எட்டியோஸ் முழு எத்தனாலில் ஓடியது என்று விற்பவர் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் அது அதற்கென்றே செய்த வண்டி, நம்மூர் எட்டியோஸுக்கு அது பொருந்தாது. 

அமேஸ் பெட்ரோலின் 1.2 லிட்டர் ஐவிடெக் இன்ஜின் இந்த மூன்றில் மிக நைசாக ஓடும். வால்வு இடைவெளியை மட்டும் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்கிறவர்களுக்கு அமேஸ் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) நல்ல தேர்வு, ஒரு நிபந்தனையோடு: கியர்பாக்ஸ் ஆயில் ஹோண்டா சொன்ன ரகத்தில், சொன்ன நேரத்தில் மாற்றியதற்குப் பில் இருக்க வேண்டும். பில் இல்லாத சிவிடியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஹோண்டா சர்வீஸ் சென்டர் மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் அரிது என்பதையும் மனதில் வையுங்கள். எரிபொருள் பம்ப் மாற்றுவதற்காக ஹோண்டா சில வருட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அது முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரை வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஃபோர்டு ஆஸ்பயர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஓட்டுவதற்கு நான்கில் அதுதான் சுகம், 1.5 டீசலில் 100 குதிரைத்திறன். ஆனால் 2021-ல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அந்த வண்டியை நன்றாக அறிந்த மெக்கானிக் ஏற்கெனவே கைவசம் இருந்தால் வாங்குங்கள்.

கடைசியாக, ஏமாறும் இடங்கள். டிசையர், எட்டியோஸ் டீசல் இரண்டிலும் டாக்ஸியாக ஓடி, மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி வந்தவை நிறைய. மீட்டரைத் திருப்பி வைத்து 70,000 கிலோமீட்டர்தான் காட்டும். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டீயரிங் பளபளக்கும், டிரைவர் சீட் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். வண்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள்; ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் பதிவாகியிருக்கும். 2011, 2012 மாடல் என்றால் ஆர்.சி. 15 வருடத்தோடு முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு.

டெல்லி வண்டிகள் தனிக் கதை. அங்கே 10 வருடம் கடந்த டீசலுக்குத் தடை இருந்ததால், எட்டு ஒன்பது வருட வண்டிகள் தென்னாட்டுக்கு மலிவாக இறங்கின. விலையைக் கேட்டால் ஆசை வரும். அந்த ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற லைஃப் டாக்ஸ், லாரியில் ஏற்றிவரும் வாடகை எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு நம்ம ஊரிலேயே சிங்கிள் ஓனர் எட்டியோஸ் பெட்ரோல், சர்வீஸ் பில்லோடு தேடிப் பார்க்கலாம்.