பல கேமரா, ஒரே திரை: ஸ்விட்சர் பெட்டியா, மென்பொருளா?

விளையாட்டு நேரலைக்கு நான்கு கேமராக்களை ஒன்றுசேர்க்க நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, ஏடெம் மினி புரோ போன்ற ஸ்விட்சர் பெட்டி, அதாவது கேமராக்களைச் செருகி, பொத்தானால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி. மற்றது, அதே வேலையைக் கணினியில் செய்யும் ஓபிஎஸ், விமிக்ஸ் போன்ற மென்பொருள். ஓபிஎஸ் இலவசம், பெட்டிக்குக் காசு; விலைக் கணக்கு அதோடு முடிந்தது. நான் பெட்டிப் பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம், தாமதம்: கேமரா பார்த்தது திரைக்கு வர ஆகும் நேரம்.

எல்லா கேமராவும் ஒரே அளவு பிந்தினால் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. கேமராவுக்குக் கேமரா வேறுபட்டால்தான் வினை. மைதானத்தின் ஓரக் கேமராவிலிருந்து கோல் கம்பத்துப் பின்புறக் கேமராவுக்கு மாற்றுகிறீர்கள். அது 200 மில்லிநொடி பிந்தியிருந்தால், உதைத்த பந்து மறுபடி உதைபடும். முந்தியிருந்தால் உதையே காணாமல் போகும். இரண்டையும் ஒரே திரையில் அருகருகே வைத்தால் ஒளிக்க வழியே இல்லை.

அளந்து பார்ப்பது எளிது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, எல்லா கேமராவையும் அதன் மேல் திருப்பி, எல்லாப் படங்களும் சேர்ந்து தெரியும் மல்டிவியூ திரையை ஒரு படம் எடுங்கள். மூன்றில் 12.48, ஒன்றில் 12.36 என்று இருந்தால் அந்த ஒன்று 120 மில்லிநொடி பின்தங்குகிறது. நொடிக்கு 50 ஃபிரேம் (தனிப்படம்) என்றால் அது 6 ஃபிரேம்.

மென்பொருளில் இந்த வேறுபாடு பல இடங்களில் முளைக்கிறது. யூஎஸ்பி கேப்சர் கார்டு (கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி), வைஃபை கைப்பேசி, நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் என்டிஐ கேமரா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பஃபர், அதாவது படத்தைச் சற்றுப் பிடித்துவைக்கும் இடம். ஓபிஎஸ்ஸில் முந்தி வருவதற்கு டிலே ஃபில்டர் (படத்தைத் தாமதிக்கும் வசதி) போட்டு, பிந்தி வருவதோடு சேர்த்துவிடலாம். ஒலிக்குத் தனியாக சின்க் ஆஃப்செட் (படத்தோடு பொருந்த ஒலியை நகர்த்தும் அளவு) கொடுக்க வேண்டும். ஆனால் வைஃபை கேமரா இடையில் அறுந்து மீண்டும் இணைந்தால் பழைய கணக்கு செல்லாது, ஆட்டத்தின் நடுவே மறுபடி அளக்க வேண்டும். இன்னொரு பொறி யூஎஸ்பி. சுருக்காத 1080பி60 படம் (முழு எச்டி, நொடிக்கு 60 ஃபிரேம்) நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபிட் கேட்கும். 5 ஜிகாபிட் யூஎஸ்பி ஹப் ஒன்றில் அப்படி இரண்டு கார்டு செருகினாலே ஃபிரேம் விழத் தொடங்கலாம். கார்டுகளைக் கணினியின் வெவ்வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில் செருகுங்கள், அல்லது குறைவான தரவு கேட்கும் என்வி12 பட வடிவத்துக்கு மாற்றுங்கள்.

பெட்டியில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனி ஃபிரேம் சின்க் (வரும் ஃபிரேம்களைப் பெட்டியின் தாளத்தோடு பொருத்தும் வசதி) உண்டு. ஒரே மாடல் கேமராக்களை ஒரே ஃபிரேம் வீதத்தில், கேபிளில் இணைத்தால் வேறுபாடு ஓரிரு ஃபிரேமுக்குள் அடங்கும். ஆட்டம் முடியும்வரை அப்படியே நிற்கும். இந்த நிலைத்தன்மைக்காகத்தான் அதன் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

குறைகளும் உண்டுதான். ஏடெம் மினியில் உள்ளீடுவாரியாகப் படத்தைத் தாமதிக்க முடியாது. எனவே கேமராக்களைக் கலக்காதீர்கள், தாமதத்தைக் கூட்டக்கூடிய ஸ்டெபிலைசேஷனை (பட நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) ஒன்றில் மட்டும் போடாதீர்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். தூரக் கேமராவுக்கு எஸ்டிஐ (நீண்ட தூரம் போகும் வீடியோ இணைப்பு) கன்வர்ட்டர் போட்டால் நல்ல கேபிளில் 1080பி60 கிட்டத்தட்ட 100 மீட்டர் போகும். சாதா மினியில் மல்டிவியூ கிடையாது, புரோவிலிருந்துதான். நான்கு படங்களையும் கட்டம் கட்டி ஒளிபரப்ப, இன்னும் பெரிய மாடலான ஏடெம் மினி எக்ஸ்ட்ரீமின் சூப்பர்சோர்ஸ் வசதி வேண்டும்.

உடனடி ரீப்ளே அவசியம் என்றால் விமிக்ஸின் உயர் பதிப்புகள்தான் சரி, அங்கே பெட்டி தோற்கிறது. கேமராக்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் மென்பொருளே வழி. கிளவுடில், அதாவது இணையவழிக் கணினிகளில் கலப்பது பற்றி என் அனுபவம் குறைவு, அதனால் பரிந்துரைக்கத் துணியவில்லை.

ஸ்கோர்போர்டு மட்டும்தான் குறை என்றால் பெட்டியைக் கைவிடத் தேவையில்லை. அதன் யூஎஸ்பி வெளியீடு கணினிக்கு வெப்கேமாகத் தெரியும். கலந்து முடிந்த அந்த ஒரே படத்தை ஓபிஎஸ்ஸில் எடுத்து, மேலே ஸ்கோரை வைத்து அனுப்புங்கள். ஒலியையும் பெட்டி வழியாகவே கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே கம்பியில் சேர்ந்து வரும்.