முலாம் தட்டும் முக்கியெடுக்கும் திரவமும்

வெள்ளி துலக்கும் திரவம் ஒன்றை வாங்கினேன். வாயகன்ற பாட்டில், உள்ளே துளையிட்ட சின்னக் கூடை. 'பத்தே விநாடி' என்று முகப்பில் போட்டிருந்தது. அதில் பொய் இல்லை. கறுத்துக் கிடந்த ஸ்பூன் ஒன்றைக் கூடையில் வைத்து முக்கினேன். எட்டு எண்ணுவதற்குள் வெளுத்துவிட்டது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கையுறையும் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

ஸ்பூன்களோடு நிறுத்தியிருந்தால் இந்தத் திரவத்தைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். பெரியம்மா கொடுத்த தட்டை எடுத்தேன் பாருங்கள், அங்கேதான் வினை.

அது முலாம் பூசிய தட்டு. பின்புறம் இ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து முத்திரை. நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று பொருள். நிக்கல் சில்வரில் சில்வர் பெயருக்குத்தான். உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இப்படிப்பட்ட சாமான்கள் வீடு வீடாகப் பரவின. மேலே இருக்கும் வெள்ளிப் படலம் பெரும்பாலும் ஒரு தலைமயிரின் பருமனில் பாதிகூட இராது.

தட்டு பாட்டிலுக்குள் போகாது. பஞ்சில் நனைத்து ஒற்றினேன். ஓரத்தில் புடைப்பாகக் கொடி வேலைப்பாடு உண்டு. இலை நரம்புகளின் பள்ளத்தில் கறுப்பு தங்கியிருந்ததால்தான் இலை இலையாகத் தெரிந்திருக்கிறது என்பது அது போன பிறகே புரிந்தது. இப்போது கொடி முழுவதும் ஒரே வெளுப்பு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. புடைப்பின் உச்சிகளிலோ மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக அடி உலோகம். நியாயமாகச் சொன்னால் அந்தத் திட்டுகள் திரவம் செய்தவை அல்ல. எப்போதோ நான் பற்பசை போட்டுத் தேய்த்த புண்ணியம். கறுப்பு மூடி வைத்திருந்த என் குற்றத்தை இந்தப் பாட்டில் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். தட்டின் அடியில் வழிந்த ஒரு சொட்டை மட்டும் கழுவ மறந்தேன். அந்தக் கோடு பழுப்பாகி இன்றும் இருக்கிறது.

வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் சில்வர் சல்ஃபைடு அது. இவ்வகைத் திரவங்களில் வழக்கமாகத் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். கறுப்பைக் கரைக்கும்போது அதிலுள்ள வெள்ளியும் கரைந்து போகிறது. கெட்டி வெள்ளிக்கு அது பெரிய நட்டமில்லை. முலாமுக்கு ஒவ்வொரு முக்கலும் செலவுக் கணக்கு.

மெழுகுவர்த்தித் தாங்கியை முக்காமல் தப்பித்தது, பாட்டிலின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையால். கனத்துக்காக அடியில் ஏதாவது நிரப்பியிருப்பார்கள். இடுக்கு வழியே திரவம் இறங்கினால் கழுவி எடுக்க வழியில்லை. எஃகு அலகுள்ள கத்திக்கும் ஆகாது. இதையெல்லாம் முகப்பில் அல்லவா போட வேண்டும்?

மீதி ஸ்பூன்களை அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் போட்டு, சோடா உப்புக் கரைத்த வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். இதில் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி ஸ்பூனிலேயே தங்கும். நாற்றம் இதிலும் உண்டு; பளபளப்பு கொஞ்சம் மங்கல்; வேலைப்பாட்டின் நிழலை இதுவும் துடைத்துவிடும். ஆனாலும் முலாமுக்கு இரண்டில் இதுவே மேல்.

ஒரு விஷயம் ஸ்பூன்களிடம் கற்றேன். எல்லாவற்றின் கழுத்திலும் ஒரே இடத்தில், கோடு கிழித்தாற்போல் கறுப்பு. ஆறாறாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கட்டிய இடத்தை அப்படியே அச்செடுத்துவிட்டது. இப்போது பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். புழங்கியதும் மிதமான சோப்பில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுகிறேன். தினம் கைபடும் நான்கு ஸ்பூன்கள் கறுப்பதே அபூர்வம்.

பாட்டிலில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டார் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் முதலில் அவர்கள் சாமானைத் திருப்பி முத்திரையைக் காட்டச் சொல்வேன்.