கூண்டுக்குள் ஒருத்தி, சதுப்புக்கு நடுவே ஒருத்தி

ஊரைக் கொள்ளைநோய் தின்றுகொண்டிருக்கிறது. சூனியம்தான் காரணம் என்கிறது திருச்சபை. வாளோடு சிலர் கிளம்புகிறார்கள், கூடவே ஒரு மதகுருவோ துறவியோ. இதே கதையை ஒரு வருடத்துக்குள் இரண்டு படங்கள் சொல்லின. 2010-இல் கிறிஸ்டோபர் ஸ்மித் இயக்கிய 'பிளாக் டெத்', 2011 ஜனவரியில் டொமினிக் சேனா இயக்கிய 'சீசன் ஆஃப் தி விட்ச்'. முடிவைத் தொடாமல் இவற்றைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரிய படம் இரண்டாவதுதான். சுமார் 4 கோடி டாலர் செலவு, நிக்கோலஸ் கேஜ், ரான் பெர்ல்மன், முகமெல்லாம் கொப்புளத்தோடு கிறிஸ்டோபர் லீ. சிலுவைப்போரை வெறுத்து ஓடிவந்த இரண்டு வீரர்கள், சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட பெண்ணைக் கூண்டு வண்டியில் ஏற்றித் தொலைதூர மடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் நிஜமாகவே சூனியக்காரியா, அப்பாவியா? அருமையான முடிச்சு. அந்தப் பெண்ணாக வரும் கிளேர் ஃபோய் ஒரு கணம் குழந்தையாகவும் மறுகணம் வேறெதுவோவாகவும் தெரிகிறார். கூட வருபவர்களின் பலவீனத்தை அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் காட்சிகள்தான் படத்தின் உயிர்.

ஆனால் அந்த முடிச்சைப் படமே முதல் காட்சியில் அவிழ்த்துவிட்டது. 1235-இல் மூன்று பெண்களைத் தூக்கிலிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து பாதிரியாரைக் கொல்கிறாள். இந்த உலகத்தில் சூனியம் உண்டு என்று காட்டிய பிறகு, "இவள் அப்பாவியாக இருக்கலாமே" என்று நம்மை எப்படித் தவிக்க வைப்பது? கடைசியில் சிறகு முளைத்த கணினிப் பிசாசு ஒன்று வருகிறது. அவளைப் பிடித்திருப்பது அதுதானாம். தன்னை விரட்டும் மந்திரப் புத்தகத்தை அழிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்ததாம். திருச்சபையின் கொடுமையைப் பார்த்து மனம் கசந்த வீரனின் கதை, திருச்சபை பயந்தது சரிதான் என்று முடிகிறது. கேஜின் முகத்திலும் பெரிய அதிர்ச்சி இல்லை.

வரலாறும் அரைகுறை. படத்தில் வரும் சிலுவைப்போர்களில், இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மைர்னாவில் 1344-இல் நடந்த போர் உண்மை. ஆனால் படம் 1334-இல் முற்றுகை போடும் திரிப்போலி (இன்றைய லெபனானில்) 1289-லேயே எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் விழுந்துவிட்டது. சரி, கற்பனைப் படம்தானே என்று விடலாம்.

'பிளாக் டெத்' 1348 இங்கிலாந்து. கொள்ளைநோய் தொடாத சதுப்புநிலக் கிராமம் ஒன்று. அங்கே செத்தவரை எழுப்பும் மந்திரவாதி இருப்பதாகப் பேச்சு. ஷான் பீன் தலைமையில் ஒரு முரட்டுக் கூட்டம் போகிறது, வழிகாட்ட இளம் துறவியாக எடி ரெட்மெய்ன். கிராமத்தின் தலைவி காரிஸ் வான் ஹூட்டன், இறந்துபோனதாக அவன் நம்பிய காதலியைக் கண்முன் எழுப்பிக் காட்டுகிறாள். அவள் சாகவே இல்லை, மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள் என்று தெரிவதற்குள் அவளைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான் அவன். இங்கே பிசாசு தேவைப்படவில்லை. நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

இதிலும் குறை உண்டு. வன்முறை சில இடங்களில் எல்லை மீறுகிறது, நடுப்பகுதி இழுக்கிறது. அப்புறம், 1348-49-இல் கொள்ளைநோய்க்கான பழி விழுந்தது பெரும்பாலும் சூனியக்காரிகள் மேல் அல்ல, யூதர்கள் மேல். இன்றைய பிரான்ஸில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். இரண்டு படங்களும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கேஜின் படத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதித் தூக்கத்தில் பார்க்கலாம். அதிகம் பேரைக் கொல்பவனுக்கு மது இலவசம் என்று பெர்ல்மனோடு பந்தயம் கட்டும் இடங்களில் சிரிப்பும் வரும். மற்றதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் அந்தப் பையன் சூனியக்காரிகளை வேட்டையாடுபவனாக மாறியிருக்கிறான். பிடிபடும் ஒவ்வொரு பெண்ணின் முகமும் அந்தத் தலைவியின் முகமாகத்தான் அவனுக்குத் தெரிகிறது.