ஊர்ப் பெயர் எழுதி விற்கும் ஒரு காய்கறிக் கடை

கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் சரக்கு எடுத்து வந்து விற்கும் எங்கள் பகுதிக் காய்கறிக் கடையில், விலைப்பலகையில் காயின் பெயரோடு அது வந்த ஊரையும் எழுதுகிறார்கள். தக்காளிக்கு எதிரே மதனப்பள்ளி, கோலார் என்றும், சின்ன வெங்காயத்துக்கு எதிரே பெரம்பலூர் என்றும் இருப்பதைத் தொடர்ந்து படித்து வந்தால், விலை ஏன் ஏறுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடத் தேவையிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்து ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கைக்காய் வரத்துக் குறைந்ததும், பலகையில் மகாராஷ்டிரம், குஜராத் என்று மாறிவிடுகிறது. அத்தனை தூரத்து லாரி வாடகையும் நம் சாம்பாரின் கணக்கில்தான் சேர்கிறது.

இந்தக் கடையின் அருமை பெரிய வெங்காயத்தில் தெரியும். நாசிக் பகுதியில் மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ராபி (குளிர்காலப் பயிர்) வெங்காயம் நன்றாகக் காய்ந்து, பட்டறை எனும் சேமிப்புக் கொட்டகைகளில் இருப்பு வைக்கப்பட்டு, ஏறத்தாழ அக்டோபர் வரை விற்பனைக்கு வருகிறது. அதன் பிறகு வரும் காரிப் (மழைக்காலப் பயிர்) வெங்காயத்தில் ஈரம் அதிகம், தோல் மெல்லியது, கழுத்துப் பகுதியை அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், கூடையில் நெடுநாள் நிற்காது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைக்கு விற்கும் கடைகளே அதிகம். இங்கே பழையது, புதியது என்று தனித்தனித் தட்டில் வைத்து, "புதுச் சரக்கு சார், வாரத்துக்கு மட்டும் வாங்கிக்குங்க" என்று சொல்லி எடை போடுகிறார்கள். தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொள்ளும் வியாபாரியை நான் அதிகம் கண்டதில்லை.

குறையும் உண்டு. கேரட்டுக்கு எதிரே எழுதிய 'ஊட்டி' ஆண்டு முழுவதும் அழிவதே இல்லை. தட்டில் இருப்பது கர்நாடகத்து மாலூர்க் கேரட் என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பச்சைப் பட்டாணியில் அந்த மழுப்பல் இல்லை. குளிர்காலத்தில் வடமாநிலப் பட்டாணி மலிவாகக் குவியும்போது உரித்து உறைபெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் மலைப் பட்டாணிக்குக் கொடுக்க வேண்டிய விலை அப்படி. கீரையை மட்டும் இங்கே வாங்க வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் வாடிவிடுகிறது.