சதைப் பிடிப்பா, குடலிறக்கமா? இரண்டும் பட்டவனின் கணக்கு

எனக்கு இரண்டும் வந்திருக்கின்றன. நாலு வருடத்துக்கு முன் அடிவயிற்றின் இடப்பக்கம் சதைப் பிடிப்பு, போன வருடம் வலப்பக்கம் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா: வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே உள்ளே இருப்பது வெளியே தள்ளுவது. இரண்டு தடவையும் நான் பழி போட்டது, இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போகும் 20 லிட்டர் தண்ணீர் கேன் மேல். முதல் தடவை அந்தப் பழி நியாயம். இரண்டாம் தடவை அதே நினைப்பில் ஐந்து மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சதைப் பிடிப்பை முதலில் முடித்துவிடலாம், அதில் குழப்பம் குறைவு. படிக்கட்டுத் திருப்பத்தில் கேனைத் தோள் மாற்றும்போது, தொப்புளுக்கு இடப்பக்கம் சற்றுக் கீழே 'சுருக்'. நாள், நேரம், எத்தனையாவது படி என்றுகூட என்னால் சொல்ல முடியும். அன்று ராத்திரியும் மறுநாளும்தான் உச்சம். தும்மினால் உயிர் போய் வந்தது, வீட்டில் யாராவது சிரிப்பு மூட்டினால் கோபம் வந்தது. அப்புறம் நாளுக்கு நாள் இறங்கி மூன்று வாரத்தில் போய்விட்டது. தசை இழை அதிகமாகக் கிழிந்திருந்தால் ஆறு வாரம்கூட இழுக்கலாம். சிலருக்கு அந்த இடம் கன்றி நீலம் பாயும், எனக்கு அப்படி ஆகவில்லை. ஐஸ் ஒத்தடம், எடை தூக்காமல் இருப்பது, அவ்வளவுதான் வைத்தியம்.

குடலிறக்கம் அப்படிச் சொல்லிக்கொண்டு வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தால் வலது கவட்டில் ஒரு கனம், யாரோ உள்ளிருந்து கீழே இழுக்கிற மாதிரி. அதை வலி என்று சொல்லக்கூட வாய் வராது. பழைய அனுபவம் இருந்ததால் நானே டாக்டராகி 'பிடிப்பு' என்று தீர்ப்பெழுதிக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த அத்தை, "குடல் ஏறியிருக்குடா, விளக்கெண்ணெய் போட்டுத் தடவினா சரியாப் போயிடும்" என்றார். சின்னப் பிள்ளைகளுக்குக் குடலேற்றம் பார்ப்பது எங்கள் பக்கம் சாதாரணம்தான். ஆனால் இறங்கி நிற்கிற குடலை அழுத்திப் பிசைவது விளையாட்டில்லை. நல்ல வேளை, இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் கூச்சம் தடுத்தது.

இரண்டையும் பிரிக்க எத்தனையோ குறிகள் சொல்வார்கள். என் உடம்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: படுத்தால் என்ன ஆகிறது? சதைப் பிடிப்பு வந்தவனுக்குப் பாயே எதிரி. மல்லாந்து கிடக்கும்வரை சும்மா இருக்கும். எழுந்திருக்கத் தலையைத் தூக்கினால் வயிற்றுச் சதை இறுகும், உடனே கொத்தும். ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, நிறைமாதக்காரி மாதிரித்தான் அப்போது நான் எழுந்தேன். குடலிறக்கத்தில் இது தலைகீழ். படுத்த ஐந்து நிமிடத்தில் கனம் காணாமல் போகும். காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பத்து மணிக்கு லேசாக ஆரம்பித்து, நாலு மணிக்கு நன்றாகத் தெரிந்து, ராத்திரி ஏழு மணிக்கு உட்கார இடம் தேட வைக்கும். 'காலையில் பரவாயில்லை, ஆறிக்கொண்டு வருகிறது' என்று ஐந்து மாதம் ஏமாந்தது இதில்தான். பிடிப்பு நாளுக்கு நாள் குறையும். இது தினமும் ஏறி, தினமும் இறங்கும்.

காரணம் உடம்பின் அமைப்பில் இருக்கிறது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள்ளிருந்து கவட்டு வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை வயிற்றுச் சுவரில் ஆயுசுக்கும் ஒரு பலவீனமான இடம். ஆண்களில் 100க்குச் சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டில் குடலிறக்கம் வருகிறது, பெண்களில் சுமார் 3 பேருக்கு. நின்றால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ குடலோ அந்த ஓட்டை வழியே கீழே தள்ளப்படும், படுத்தால் பெரும்பாலும் தானே உள்ளே போய்விடும். கேன் அந்த ஓட்டையைக் கொஞ்சம் விரித்திருக்கலாம். முழுப் பழியையும் அதன் தலையில் கட்ட முடியாது.

ஐந்தாம் மாதம் குளிக்கும்போது, சோப்பு போட்ட கைக்கு நெல்லிக்காய் அளவில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. லேசாகத் தொட்டதுமே உள்ளே போய்விட்டது. மறுநாளே அறுவை மருத்துவரிடம் போனேன். படுக்க வைப்பார் என்று நினைத்தால், "நில்லுங்க, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு இருமுங்க" என்றார். அவர் விரல் கவட்டில் இருந்தது. இருமினேன். "வந்து முட்டுது பாருங்க" என்று என் விரலையும் அங்கே வைத்தார். மறுபடி இருமியபோது உள்ளிருந்து ஒன்று வந்து விரல் நுனியில் இடித்துவிட்டுப் போனது. இருமினால் வலிக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் அது இரண்டிலும் வலிக்கலாம். பிடிப்பில் வலி மட்டும்தான், விரலில் எதுவும் இடிக்காது.

மல்லாந்து படுத்து, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை அழுத்திக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. கார்னெட் என்ற மருத்துவர் 1926ல் எழுதியது. அப்போது வலி கூடினால், கோளாறு பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், உள்ளுறுப்பில் இல்லை என்று அர்த்தம். குடலிறக்கமும் சுவர் சம்பந்தப்பட்டதுதானே, அதனால் நம் கேள்விக்கு இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

நான் சொல்வதெல்லாம் கவட்டுக் குடலிறக்கம் வந்த ஓர் ஆணின் அனுபவம். ஆரம்பத்தில் புடைப்பே தெரியாமல் வலி மட்டும் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படலாம், அதையும் மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி எடுத்தால்தான் தெரிய வாய்ப்பு அதிகம். பெண்களுக்குத் தொடை ஆரம்பிக்கிற இடத்தில், இன்னும் கீழே வரும் வகை ஒன்று இருக்கிறது. சின்னதாக இருந்தாலும் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் வகை அது. ஃபுட்பால் விளையாடுகிறவர்களுக்கு வரும் 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா' பெயரில்தான் ஹெர்னியா, அங்கே புடைப்பு கிடையாது. இவற்றில் எனக்கு அனுபவம் இல்லை.

சந்தேகம் இருந்தால் குடலிறக்கம் என்று வைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. வெறும் பிடிப்பாக இருந்தால் ஒரு கன்சல்டிங் ஃபீஸோடு போயிற்று. மாற்றி நினைத்தால், பெரியவர்களுக்கு அந்த ஓட்டை தானாக மூடுவதில்லை. அதற்காக அலறவும் வேண்டாம். 2006ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களில் ஒரு பாதிக்கு அறுவை செய்து, மறு பாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது ஆண்டுக்கு 1000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் 10 வருடத்துக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலிக்காக, அறுவை செய்துகொண்டார்கள். புடைப்பு உள்ளே போக மறுத்து, கல் மாதிரி இறுகி வலித்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ, காற்றும் மலமும் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான் காத்திருக்கவில்லை, வலை வைத்துத் தைத்தாயிற்று. முதல் பரிசோதனையின்போதே இடப்பக்கமும் விரல் வைத்து இருமச் சொல்லிப் பார்த்தார் மருத்துவர். அங்கே எதுவும் முட்டவில்லை. நாலு வருடத்துக்கு முன் வந்தது சதைப் பிடிப்புதான் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.