ஜிடிபி தானாக இறக்கும் டீபக் சிம்பல்கள்: கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்திய அனுபவம்

பெரம்பூர் பக்கம் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தெருவில் எங்காவது பள்ளம் தோண்டினால் அன்றைய வேலை மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான். நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தரும் டேட்டாவில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கப்போய்த்தான் நிரலின் பிழையைத் தேட உதவும் ஜிடிபி என்ற டீபக்கரில், சிம்பல்களை (ஃபங்ஷன் பெயர், வரி எண் போன்ற டீபக் தகவல்களை) நெட்டிலிருந்து இறக்கும் டீபக்இன்ஃபோடி வசதியை உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். உபுண்டு, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் சில வருடங்களாகப் புழங்கியதை வைத்து எழுதுகிறேன்.

வசதி அருமையானது. டிஸ்ட்ரோக்கள் தரும் லைப்ரரிகள் ஸ்ட்ரிப் செய்யப்பட்டு, அதாவது டீபக் தகவல் நீக்கப்பட்டு, வருவதால், அவற்றுக்குள் கிராஷ் ஆனால் பேக்டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) பல இடங்களில் கேள்விக்குறிதான் மிஞ்சும். முன்பெல்லாம் சரியான டீபக் பேக்கேஜ் எது, பதிப்பு ஒத்துப்போகிறதா என்று அலைய வேண்டும். 2019-இல் எல்ஃப்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பின் 0.178 பதிப்புடன் வந்த டீபக்இன்ஃபோடி அந்த அலைச்சலை ஒழித்தது. பைனரிக்குள் (கம்பைல் ஆன கோப்புக்குள்) இருக்கும், அந்த பில்டுக்கே உரிய அடையாளமான பில்ட் ஐடியை, பெரும்பாலும் 20 பைட் ஹாஷ், சர்வரிடம் காட்டினால் அதே பில்டுக்கான சிம்பல் வந்துவிடும். ஃபெடோரா 35 முதல் இது தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது.

பிரச்சினை கட்டுப்பாட்டில்தான் இருந்தது. 2020-இல் வந்த ஜிடிபி 10-இல் டீபக்இன்ஃபோடி யூஆர்எல்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியில் சர்வர் முகவரி அமைக்கப்பட்டிருந்தால் போதும், கேட்காமலேயே இறக்க ஆரம்பித்துவிடும். 2022-இல் வந்த ஜிடிபி 12-தான் "இந்த செஷனுக்கு இயக்கவா?" என்று கேட்கத் தொடங்கியது. என்னைப் பொறுத்தவரை அதற்கப்புறம் வந்த எந்தப் புது வசதியையும்விட இந்த ஒரு கேள்வி பெரிய விஷயம்.

ஆனால் கேள்விக்கு ஒய் அடித்தால் எல்லா லைப்ரரிக்கும் சேர்த்துத்தான் சம்மதம். எங்களோடு வேலை செய்யும் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருநாள், "அண்ணா, பிரேக்பாயிண்ட்கூட இன்னும் வைக்கல, அப்படியே நிக்குதுண்ணா" என்று கூப்பிட்டான். திரையில் ஏதோ ஒரு லைப்ரரியின் பெயரோடு டவுன்லோடிங் என்ற வரி. இந்த இடத்தில் பலரும் ஜிடிபி தொங்கிவிட்டது என்று மூடிவிடுவார்கள். நடப்பது வேறு: 90 விநாடிக்குள் குறைந்தது 100 கேபி தராத சர்வரை மட்டுமே அது கைவிடும். நெட் படுத்திருக்கும்போது இப்படி ஒவ்வொரு லைப்ரரிக்கும் காத்திருந்தால் என்ன ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டீபக்இன்ஃபோடி டைம்அவுட் என்ற மாறியில் 10 விநாடி என்று வைத்தது எங்களுக்கு உடனடி நிம்மதி.

இப்போது என் ஏற்பாடு இதுதான். ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் ஜிடிபிஇனிட் கோப்பில் 'செட் டீபக்இன்ஃபோடி எனேபிள்ட் ஆஃப்' நிரந்தரமாக இருக்கிறது. சொந்தக் கோடில் இருக்கும் பிழைக்கு லைப்ரரியின் சிம்பல் பெரும்பாலும் தேவைப்படாது. சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி-க்குள் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் முதலில் 'நோஷேர்ட்லைப்ரரி' அடித்து ஏற்கெனவே ஏற்றிய சிம்பல்களை நீக்கிவிடுவேன். அப்புறம் 'செட் டீபக்இன்ஃபோடி எனேபிள்ட் ஆன்' அடித்து, 'ஷேர்ட்லைப்ரரி' கட்டளைக்கு லிப்சி டாட் எஸ்ஓ என்ற பெயரைக் கொடுப்பேன். அந்த ஒன்றுக்கு மட்டும் சிம்பல் இறங்கும். பெயரை எஸ்ஓ வரை கொடுப்பது முக்கியம். வெறும் லிப்சி என்று கொடுத்தால் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் (libc) தொடங்கும் லிப்கர்ல், லிப்கிரிப்டோ எல்லாம் பொருந்தி, அவையும் வரிசையில் நிற்கும்.

இறக்கியதைப் பத்திரமாக வைப்பது அடுத்தது. ஹோம் டைரக்டரியின் கேஷ் ஃபோல்டருக்குள் டீபக்இன்ஃபோடி கிளையண்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் மேக்ஸ் அன்யூஸ்ட் ஏஜ் என்ற சின்னக் கோப்பைத் திறந்தால் 604800 என்ற ஒரே எண். விநாடிக் கணக்கில் ஒரு வாரம். அவ்வளவு நாள் தொடாத சிம்பல் அழிக்கப்படும். மாதம் ஒருமுறை வரும் கிராஷை ஆராய்பவர்களுக்கு இது போதாது. 2592000 என்று மாற்றினால் 30 நாள் தங்கும். டிஸ்க் இடம் கொஞ்சம் போகும்தான், ஆனால் எங்கள் ஏரியாவில் டிஸ்க்கைவிட நெட்தான் அரிது.

நாலைந்து பேர் ஒரே அறையில் வேலை செய்தால் இன்னொரு வழி உண்டு. ஒரு கணினியில் டீபக்இன்ஃபோடி சர்வரை ஓடவிட்டு, அதற்கு மட்டும் வெளி சர்வரின் முகவரியைக் கொடுங்கள். மற்றவர்களின் ஜிடிபி அந்தக் கணினியின் 8002 போர்ட்டைக் கேட்கட்டும். ஒருவருக்காக இறங்கியது எல்லோருக்கும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டை மறந்துவிடக்கூடாது. அதுவும் இதே முகவரி மாறியைத்தான் பார்க்கிறது. நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் டைனமிக் லோடர் ஸ்ட்ரிப் செய்யப்பட்டு, சிம்பலும் கிடைக்காவிட்டால், வால்கிரைண்டின் மெம்செக் கருவி தொடக்கத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடலாம். உபுண்டுவில் லிப்சி6-டிபிஜி பேக்கேஜை நேரடியாக நிறுவிவிட்டால் நெட்டை நம்ப வேண்டியதில்லை.

விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. ஆப்ஷன்ஸில் டீபக்கிங், சிம்பல்ஸ் பகுதியில் குறிப்பிட்ட மாட்யூல்களுக்கு மட்டும் ஏற்று என்று டிக் செய்துவிடலாம்.

வாடிக்கையாளரின் ரகசிய மென்பொருளைப் பார்க்கும் கணினியில் மட்டும் முகவரி மாறியையே நீக்கி வைத்திருக்கிறேன். இந்த வசதி இயங்கும்போது சிம்பல் இல்லாத எந்த பைனரியைத் திறந்தாலும் அதன் பில்ட் ஐடி வெளி சர்வருக்குப் போகும். கோப்பு போவதில்லை, ஹாஷ்தான் போகிறது. ஆனாலும் அதை அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர்.