கிவி இணைப்பு: சீனக்குடாவைக் கேட்டால் கட்டுநாயக்கா வராது

ஏஐ உதவியாளரிடம் "கொழும்பிலிருந்து தோஹாவுக்கு டிக்கட் எவ்வளவு?" என்று வெறுமனே கேட்டால் தயங்காமல் ஒரு தொகை சொல்லும். அந்தத் தொகைக்கு எந்த விமானத்திலும் சீட்டு இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இணையத்தில் தேடச் சொன்னாலும் பயணத் தளங்கள் விளம்பரத்துக்குப் போடும் "இவ்வளவிலிருந்து" என்ற விலைதான் பெரும்பாலும் கிடைக்கும். உண்மையான தேடல் வேண்டுமென்றால் உதவியாளரை விமானத் தரவோடு இணைக்க வேண்டும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறை இதற்கான வழி. செக் நாட்டு டிக்கட் தளமான கிவி 2025இல் இந்த நெறிமுறையில் தன் தேடலைத் திறந்துவிட்டது. அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பொருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். கணினி உலாவியில் அந்த்ரோபிக்கின் உதவியாளரான கிளாடைத் திறந்து செட்டிங்ஸ், கனெக்டர்ஸ், ஆட் கஸ்டம் கனெக்டர் என்று போங்கள். முகவரிக் கட்டத்தில் எச்டிடிபிஎஸ்ஸோடு எம்சிபி டாட் கிவி டாட் காம் என்று இடுங்கள். ஏபிஐ சாவி எனப்படும் அனுமதிக் குறியீடு தேவையில்லை. புதிய இணைப்பைக் கைத்தொலைபேசிச் செயலியில் சேர்க்க முடியாது. கணினியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் தொலைபேசியிலும் வந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான்: பதிலுக்கு மேலே கருவியை அழைத்ததைக் காட்டும் சிறு பெட்டி தோன்ற வேண்டும். அதைத் தட்டி விரித்தால் அனுப்பிய இடம், திகதி, பயணிகள் எண்ணிக்கை எல்லாம் தெரியும். பெட்டி இல்லாமல் வந்த விலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நம்மூர்க்காரர் முதலில் சறுக்குவது புறப்படும் இடத்தில். "திருகோணமலையிலிருந்து" என்று எழுதினால் கருவிக்கு அங்குள்ள சீனக்குடா விமான நிலையம்தான் தெரியும். அங்கே ஓடுபாதை உண்டு, டிஆர்ஆர் என்ற குறியீடும் உண்டு; வெளிநாட்டுச் சேவை கிடையாது. விமானம் எதுவும் இல்லாத வெற்றுப் பதில் வரும், அல்லது உதவியாளர் தானாக வேறு நிலையத்தைப் போட்டுக்கொள்ளும். ஆகவே கொழும்புக்கான கட்டுநாயக்காவுக்கு சிஎம்பி, யாழ்ப்பாணத்துக்கான பலாலிக்கு ஜேஏஎஃப் என்று குறியீட்டையே எழுதி, இரண்டையும் தனித்தனியாகத் தேடச் சொல்லுங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் பலாலியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்டிகோ 2024 செப்டம்பரில் சென்னைச் சேவையையும் 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையையும் அங்கே தொடங்கியது. பலாலிக்குத் திருகோணமலையிலிருந்து வவுனியா போய் ஏ9 வீதியைப் பிடிக்கும் செலவையும் கட்டுநாயக்காவுக்கு இரவுப் பயணம் போகும் செலவையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். கருவிக்கு பஸ் தெரியாது.

திகதியை 03/04 என்று எழுதாதீர்கள். "2026 ஏப்ரல் 3" என்று ஆண்டோடு எழுதினால் மாதமும் நாளும் இடம் மாறாது. நாள் விட்டுக்கொடுக்க முடிந்தால் மூன்று நாள் முன்பின் பார்க்கச் சொல்லலாம். இந்தக் கருவியின் மிகப் பயனுள்ள வசதி அதுதான். நாணயத்தையும் சொல்லி வையுங்கள்.

இனி உண்மையான ஆபத்து. கிவியின் மலிவுக்கு ஒரு காரணம், ஒன்றோடொன்று ஒப்பந்தமே இல்லாத இரண்டு விமான நிறுவனங்களின் டிக்கட்டுகளை அது ஒட்டித் தருவது. நடுவழியில் பொதியை எடுத்து, குடிவரவைக் கடந்து வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்கு இது பல இடங்களில் வெறும் அலைச்சல். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அப்படியல்ல: சென்னையில் வெளியே வர இந்திய விசா வேண்டும், டுபாயிலோ ஷார்ஜாவிலோ முன்கூட்டியே எடுத்த விசா வேண்டும். விசா இல்லையென்றால் கட்டுநாயக்காவிலேயே ஏற்ற மறுப்பார்கள். விசாவைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு. பட்டியலில் ஆகக் குறைந்த விலை இந்த வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதுதான் வினை. எனவே கேள்வியிலேயே இப்படிச் சேர்த்துவிடுங்கள்:

"இலங்கைக் கடவுச்சீட்டு. நேரடி விமானம், அல்லது முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில். இடையில் நானே பொதியை எடுத்து மாற வேண்டியவற்றைத் தனியாகக் காட்டு. 30 கிலோ பொதியோடு மொத்த விலை."

அப்படிக் கேட்டாலும் சில வேளை கலந்துதான் தரும். லிங்கைத் திறந்து பயண விவரப் பக்கத்தில் பார்த்தபின் முடிவெடுங்கள். பொதி விஷயமும் அப்படியே. முதலில் தெரியும் விலை கைப்பையோடு மட்டும் போகிறவருக்கானதாக இருக்கலாம்.

பயண நேரத்தை உதவியாளர் தானாகக் கூட்டினால் நம்பாதீர்கள். தோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்ட மறந்து ஐந்து மணி நேரப் பறப்பை இரண்டரையாகச் சொல்லிவிடும்.

கருவி டிக்கட் எடுத்துத் தராது, லிங்க் மட்டுமே தரும். திறக்கும்போது விலை கூடியிருந்தால் அது ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டண வகுப்பில் இருந்த கடைசிச் சீட்டு போயிருக்கலாம். அதே விமானத்தை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பாருங்கள். விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் அங்கேயே எடுப்பது மேல், திகதி மாற்றும்போது நடுவில் ஆள் இருக்காது.

தேடுவதற்கு இது நல்ல கருவி. ஐந்தில் மூன்றரை கொடுக்கலாம். கட்டார், குவைத் என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு ஊர் ஏஜென்சிதான் இன்னும் வசதி. காசு கட்டாமலே சீட்டை விமான நிறுவனம் தரும் நேர எல்லைவரை பிடித்து வைக்கப் பல வேளை அவர்களால் முடியும், விசா தாமதமானால் திகதியையும் மாற்றித் தருவார்கள். கருவி காட்டிய விலையைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு போனால் பேரம் பேசவும் உதவும்.